எண்ணெய் வித்தும் அறுவடை நாளும்: வைட்ஃபீல்ட் மேட்டு நிலத்தின் வரலாறு

எண்ணெய் என்னும் சொல்லுக்கு எள்ளின் நெய் என்பதே முதற்பொருள். எள்ளிலிருந்து எடுத்ததற்கு வழங்கிய பெயர், காலப்போக்கில் கடுகு, ஆமணக்கு, நிலக்கடலை முதலிய எல்லா வித்துகளின் நெய்க்கும் பொதுப்பெயராயிற்று. நம் முன்னோர் எள்ளை எவ்வளவு பழங்காலந்தொட்டு அறிந்திருந்தனர் என்பதற்கு இச்சொல் ஒன்றே போதிய சான்றாகும். ஆயினும் வித்தை விதைப்பதும் செக்கிலிட்டு ஆட்டுவதும் பேசப்படுகிற அளவுக்கு, இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் அறுவடை என்னும் அரிய வேலை பேசப்படுவதில்லை. அதனைப் பற்றியே இங்கு ஆராய்வோம்.

நெல்லும் கோதுமையும் முற்றிய பின்னர் இரண்டொரு நாள் வயலில் நின்றாலும் பெருங்கேடு விளைவதில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் உதிராத கதிர்களையே தேர்ந்து விதைத்து வந்தமையால், அப்பயிர்கள் தாமாக மணியை உதிர்க்கும் இயல்பைப் பெரிதும் இழந்துவிட்டன. எண்ணெய் வித்துகள் பலவற்றின் நிலை வேறு. எள்ளின் காய் முனையிலிருந்து பிளந்து விதையைக் கொட்டுகிறது. கடுகின் நெற்று இருபுறமும் ஓடு கழன்று விதையைச் சிதறுகிறது. ஆமணக்கின் காயோ வெயிலில் ஓசையுடன் வெடித்து விதையைத் தொலைவில் எறிகிறது. தன் இனம் பரவவேண்டும் என்பது செடியின் நோக்கம். விதை களத்திற்கு வரவேண்டும் என்பது உழவனின் நோக்கம். இவ்விரு நோக்கங்களும் மோதுகின்ற சில நாட்களே அறுவடைக் காலமாகும். ஒரு வாரம் முந்தினால் விதை சுருங்கி எண்ணெய் குறையும். ஒரு வாரம் பிந்தினால் ஆண்டு முழுவதும் பட்ட பாடு மண்ணில் விழும்.

மேனாடுகளில் ரேப் என வழங்கும் கடுகினப் பயிரின் வரலாறு இதனை நன்கு விளக்குகிறது. இங்கிலாந்தின் கீழ்ப்பகுதியில் உள்ள சதுப்பு நிலங்கள் பதினேழாம் நூற்றாண்டில் வடிகாலிட்டுத் திருத்தப்பட்டபோது, அப்புது நிலங்களில் இப்பயிர் பரவலாயிற்று. அறுத்த அரிகளை வண்டியிலேற்றித் தொலைவில் உள்ள களஞ்சியத்திற்குக் கொண்டுசென்றால் வழியெல்லாம் விதை சிந்தும். ஆதலின் அந்நாட்டு உழவர், பாய்மரத் துணியைப் போன்ற பெரிய விரிப்பை வயலிலேயே விரித்து, அதன்மீது செடிகளைப் பரப்பி அடித்து விதையைப் பிரித்தனர். களத்துக்குப் பயிரைக் கொண்டுபோக முடியாதபோது, பயிர் இருந்த இடத்துக்கே களத்தைக் கொண்டுவந்தனர் எனலாம். அவ்விதையின் எண்ணெய் அக்காலத்தில் விளக்கெரிக்கவும், பின்னர் எந்திரங்களுக்கு மசகாகவும் பயன்பட்டது. உணவுக்கு ஏற்ற புதிய வகை கனடாவில் 1974 ஆம் ஆண்டில் உருவான பின்னரே அது உலகின் தலைசிறந்த எண்ணெய்ப் பயிர்களுள் ஒன்றாயிற்று.

இனி நம் நாட்டிற்கு வருவோம். பெங்களூருக்குக் கிழக்கே உள்ள வைட்ஃபீல்ட் என்னும் ஊர், இன்று கணிப்பொறி நிறுவனங்களின் உயர்ந்த மாளிகைகளால் அறியப்படுகிறது. ஆயினும் அவ்வூர் வேளாண்மைக்கென்றே நிறுவப்பட்டது என்பதைப் பலர் அறியார். அதற்கு முன்பும் அந்நிலம் பாழ்நிலமாகக் கிடக்கவில்லை. அதனையடுத்த காடுகோடியில் கிடைத்த 1043 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, இராசேந்திர சோழன் காலத்தில் பட்டந்தூரில் ஏரி கட்டப்பட்ட செய்தியைக் கூறுகிறது. கடல் மட்டத்திற்குமேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரமுள்ள அம்மேட்டு நிலத்தில் பேராறு எதுவும் இல்லை. தாழ்ந்த இடங்களில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்தது. மேட்டுப்பாங்கான செம்மண் நிலத்தில் மழையை நம்பிக் கேழ்வரகு விளைந்தது. அக்கேழ்வரகோடு கலந்தே எண்ணெய் வித்துகளும் விளைந்தன.

திப்பு சுல்தான் 1799 இல் வீழ்ந்த பின்னர், மைசூர் நாட்டின் நிலையைக் கண்டறிந்து வருமாறு பிரான்சிசு புக்கானன் என்னும் மருத்துவர் ஆங்கில ஆட்சியினரால் அனுப்பப்பட்டார். 1800 ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து புறப்பட்டுச் சென்ற அவர், தாம் கண்டவற்றை மூன்று பெருந்தொகுதிகளாக 1807 இல் வெளியிட்டார். பெங்களூரைச் சுற்றிய நிலங்களில் கேழ்வரகுக்கு இடையிடையே அவரையும் துவரையும் வரிசையாக விதைக்கப்படுவதையும், ‘உச்செள்ளு’ என்னும் எண்ணெய்ப் பயிரையும் அவர் குறித்துள்ளார். கன்னட மக்கள் ‘ஹுச்செள்ளு’ என்பதையே நம் கிருட்டிணகிரிப் பக்கத்தார் உச்செள்ளு என்றும் பேயெள் என்றும் வழங்குகின்றனர். ‘ஹுச்சு’ என்றால் கன்னடத்தில் பித்து. எள்ளைப் போன்றிருந்தும் எள்ளல்லாததற்கு மக்கள் இட்ட பெயர் அது. எத்தியோப்பியாவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, இன்றும் அந்நாட்டிலும் இந்தியாவிலுமே மிகுதியாகப் பயிராகிறது.

இக்கலப்புப் பயிர் முறைக்கு அக்கடி என்பது கன்னட நாட்டு வழக்கு. பன்னிரண்டு கொழுக்கள் கொண்ட கூரிகை என்னும் விதைக் கருவி கேழ்வரகை விதைத்துச் செல்ல, அதன் பின்னால் கயிற்றில் கட்டிய மூங்கிற்குழாய் வழியாக மற்ற வித்துகள் தனி வரிசையில் இடப்படும். சில வரிசை கேழ்வரகுக்கு ஒரு வரிசை அவரை, ஆமணக்கு அல்லது கடுகு என அவ்வயல் அமையும். உச்செள்ளைக் கால்நடைகள் விரும்பித் தின்பதில்லை. ஆதலின் அதனை வயலின் ஓரத்தில் விதைத்து வேலியாகவும் கொண்டனர். அதன் மஞ்சள் மலர்களைத் தேடிவரும் தேனீக்கள் பக்கத்துப் பயிர்களுக்கும் பயன் தந்தன.

இம்முறையில் ஓர் அரிய சூழ்ச்சித்திறன் அமைந்திருப்பது நோக்கத்தக்கது. ஒரே வயலில் நின்றாலும் இப்பயிர்கள் ஒரே நாளில் முற்றுவதில்லை. ஆடி மழையில் விதைத்த வயலில் கடுகு முந்திக்கொள்ளும். பின்னர்க் கேழ்வரகும் உச்செள்ளும் கார்த்திகை, மார்கழியில் அரிவாளுக்கு வரும். அவரையும் ஆமணக்கும் தை கடந்தும் நிற்கும். ஒரு குடும்பத்தின் கைகளே எல்லா அறுவடையையும் செய்து முடிக்க இந்த இடைவெளி உதவியது. எந்தப் பயிரும் ஆளில்லாமையால் காத்திருந்து உதிர வேண்டிய நிலை நேரவில்லை. ஆகவே அறுவடைக்கான ஆயத்தம் அங்கே விதைக்கும் நாளிலேயே தொடங்கியது என்பது மிகையாகாது.

உச்செள்ளை அறுக்கும் நாளைத் தேர்வது எளிதன்று. அச்செடி ஒருபுறம் முற்றிக்கொண்டிருக்கும்போதே மறுபுறம் பூத்துக்கொண்டிருக்கும். எல்லாப் பூவும் விதையாகட்டும் என்று காத்திருந்தால், முதலில் முற்றிய தலைகள் விதையை உதிர்த்துவிடும். இலைகள் காய்ந்து பூத்தலைகள் பழுப்பேறத் தொடங்கியதும், எஞ்சிய பூவைப் பொருட்படுத்தாது அறுத்துவிட வேண்டும். பின்னே வரும் சிறு விளைச்சலை விட்டுக்கொடுத்து, முன்னே வந்த பெருவிளைச்சலைக் காப்பதே இதன் உட்பொருள். அறுத்த செடிகளைப் போராக அடுக்கிச் சில நாள் வைத்தபின் வெயிலில் காயவைத்துக் கோலால் அடிப்பர். போரில் இருக்கும் நாட்களில் தண்டிலும் தலையிலும் உள்ள ஈரம் மெல்லக் குறைந்து, அரைகுறையாக முற்றிய விதையும் நிறம் பெறும்.

கடுகை விடியற்காலையில், பனி உலராத முன்னர் அறுக்க வேண்டும். ஈரத்தில் நெற்று துவண்டிருக்கும். நண்பகல் வெயிலில் அரிவாள் பட்டவுடனே வெடிக்கும். ஆமணக்கை ஒரே முறையில் அறுப்பதில்லை. குலையில் இரண்டொரு காய் காய்ந்ததுமே அக்குலையை மட்டும் கொய்து, அடுத்த குலைக்காகச் செடியை விட்டுவைப்பர். எள்ளைப் பொறுத்தவரை நம் தமிழகத்து உழவர் கையாளும் முறையும் இத்தகையதே. அடியிலுள்ள காய்கள் வாய் திறப்பதற்கு முன்பே செடியை அறுத்து, நுனி உள்நோக்க வட்டமாக அடுக்கி, வைக்கோலால் மூடி மூன்று நாள் புழுங்க விடுவர். பின்னர் எடுத்து உதறினாலே முக்காற்பங்கு விதை கொட்டிவிடும். முதிராமல் அறுத்தல், அடுக்கிப் பதப்படுத்தல், பின்னர் உதிர்த்தல் என்னும் மூன்று படிகளும் எல்லாவற்றிலும் ஒத்திருப்பதைக் காண்கிறோம்.

வித்து வருமுன் களம் ஆயத்தமாக வேண்டும். கன்னடத்தில் இதற்குக் கண என்று பெயர். நிலத்தைச் செதுக்கி, நீர் தெளித்து, மிதித்து இறுக்கி, சாணக் கரைசலால் பலமுறை மெழுகுவர். கேழ்வரகுக்கும் இக்களமே. ஆயினும் கடுகைப் போன்ற சிறு வித்துக்குக் களத்தில் மயிரிழை வெடிப்பும் இருத்தலாகாது. வெடிப்பில் விழுந்தது மீளாது. விளைந்தவை குவிந்தபின் அக்குவியலுக்கு ராசி பூசை செய்வதும், சங்கராந்தி நாளில் எள்ளும் வெல்லமும் கலந்து அண்டை வீடுகளுக்கு வழங்குவதும் அந்நாட்டு மரபு. நாம் பொங்கலிட்டு மகிழும் அதே நாளில் அவர்கள் எள்ளைப் பகிர்ந்து மகிழ்கின்றனர்.

இவ்வாறு உழவு நடந்துவந்த நிலத்திலேதான் 1882 ஆம் ஆண்டில் புதியதொரு குடியேற்றம் தோன்றியது. டி. எஸ். ஒயிட் என்பவர் ஆங்கிலோ இந்தியர்களின் நலனுக்கென உழைத்தவர். அலுவலகங்களையும் புகைவண்டித் துறையையும் மட்டுமே நம்பி வாழ்ந்த தம் மக்கள், சொந்த நிலத்தில் உழுது தன்மானத்துடன் வாழவேண்டும் என அவர் விரும்பினார். மைசூர் மன்னர் சாமராசேந்திர உடையார் ஏறக்குறைய 3,900 ஏக்கர் நிலத்தை வழங்கினார். ஒயிட்டின் பெயரால் வைட்ஃபீல்ட் என்னும் ஊரும், அதனுடன் சாஸ்மண்ட் என்னும் ஊரும் எழுந்தன. நடுவில் திடலும் அதனைச் சுற்றி வட்டமாக வீடுகளும் அமைந்த அவ்வூரின் பழைய அமைப்பு இன்னர் சர்க்கிள் என்று வழங்கியது.

எண்ணம் உயர்ந்ததே. எனினும் எதிர்பார்த்த உழவர் குடியேற்றமாக அது வளரவில்லை. காலப்போக்கில் தோட்டங்கள் சூழ்ந்த வீடுகளில் ஓய்வுபெற்றோர் வாழும் அமைதியான சிற்றூராகவே அது நிலைத்தது. 1947 க்குப் பின்னர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல ஆத்திரேலியா, இங்கிலாந்து, கனடா முதலிய நாடுகளுக்குச் சென்றன. இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். நிலமும் பத்திரமும் ஒரே நாளில் கைமாறக்கூடியவை; உச்செள்ளின் தலை எந்நிறம் அடையும்போது அரிவாளை எடுப்பது என்பதோ தலைமுறை தலைமுறையாகக் கண்ணுக்கும் கைக்கும் பழகிய அறிவாகும். இமடிஹள்ளியிலும் நல்லூர்ஹள்ளியிலும் ஊடியிலும் இருந்த உழவரிடம் அவ்வறிவு இருந்தது. அதனைச் சாசனத்தில் எழுதி வழங்க எந்த மன்னராலும் இயலாது.

அறிவை முறைப்படுத்தும் முயற்சி பின்னர்த் தொடங்கியது. 1899 இல் மகாராணி கெம்பநஞ்சம்மண்ணி பெங்களூரை அடுத்த ஹெப்பாளில் 30 ஏக்கர் நிலத்தை வேளாண் ஆராய்ச்சிக்கென வழங்கினார். அங்கே முளைத்த பணியின் தொடர்ச்சியாக 1964 இல் பெங்களூரில் வேளாண் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. இந்தியக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் இணைத்து இலட்சுமணையா உருவாக்கிய ‘இண்டாஃப்’ வகைகள் விளைச்சலைப் பெருக்கின. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பெங்களூர், கோலார்ப் பகுதிகளின் மேட்டு நிலங்களில் தைல மரத் தோப்புகள் பரவின. தொழிற்சாலைகள் வந்தன, 1990 களில் கணிப்பொறிப் பூங்கா எழுந்தது. 2007 இல் வைட்ஃபீல்டும் சுற்றுச் சிற்றூர்களும் பெங்களூர் மாநகராட்சியுள் அடங்கின. அக்கடி வரிசைகள் நின்ற நிலங்களில் பெரும்பகுதி இன்று கட்டடங்களின் அடித்தளமாகிவிட்டது.

இது போன ஒன்றைப் பற்றிய புலம்பல் அன்று. நம் நாடு தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேற்பட்ட பங்கை அயல்நாடுகளிலிருந்து வாங்குகிறது. 1986 இல் எண்ணெய் வித்துகளுக்கெனத் தனித் திட்டம் வகுக்கப்பட்டது. 2024 இல் மீண்டும் ஒரு தேசிய இயக்கம் அறிவிக்கப்பட்டது. விதைப்பைப் பெருக்கும் முயற்சிகளுடன், விளைந்ததைச் சிந்தாமல் காக்கும் முயற்சியும் சேரவேண்டும். மேனாட்டாரும் இப்பாடத்தைத் திரும்பப் படிக்கின்றனர். ரேப் பயிரை ஒருசேரக் காயவைக்க அவர்கள் தெளித்துவந்த டைக்வாட் என்னும் மருந்தின் பயன்பாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 இல் முடிவுக்கு வந்தது. செடியை முன்னதாக அறுத்து வரிசையாகக் கிடத்தி உலரவிடும் பழைய முறையும், எளிதில் வெடிக்காத நெற்றுடைய புதிய வகைகளும் அங்கே மதிப்புப் பெறுகின்றன.

வைட்ஃபீல்டில் மறைந்தது வேறிடங்களில் இன்னும் முற்றும் மறையவில்லை. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் கேழ்வரகோடு அவரையும் கடுகும் உச்செள்ளும் விதைப்போர் உள்ளனர். அங்கும் சாணமிட்ட களங்கள் அருகித் தார்ச்சாலையே களமாகி வருகிறது. சக்கரத்தின் கீழ் நசுங்கியும் காற்றில் பறந்தும் போகும் வித்து கொஞ்சமன்று. ஊருக்கொரு பொதுக்களம் அமைப்பதும், எந்நிறத்தில் அறுப்பது, எத்தனை நாள் போரில் வைப்பது என்று முதியோர் அறிந்துள்ளவற்றை அவர்கள் வாய்மொழியாகவே குறித்துவைத்து இளைஞருக்குக் கற்பிப்பதும் பெருஞ்செலவில்லாத பணிகள். அறுவடை நாளைப் பார்த்துச் சொல்ல ஆளிருக்கும்போதே அவற்றைச் செய்துகொள்ளுதல் நம் கடமையாகும்.