சிம்பன்சியின் கண்கள்

1913 டிசம்பரில் டெனரீஃப் தீவில் வந்து இறங்கியபோது ஜெர்மன் உளவியலாளர் வொல்ஃப்காங் கோலருக்கு வயது 26. பிரஷ்ய அறிவியல் கழகம் அங்கே மனிதக்குரங்குகளுக்கென ஓர் ஆய்வு நிலையம் வைத்திருந்தது. அதன் பொறுப்பை ஏற்க வந்தவர் அவர். மறு ஆண்டே உலகப்போர் மூண்டுவிட, 1920 வரை தீவிலேயே தங்க நேர்ந்தது. சுல்தான் என்ற சிம்பன்சி ஒரு குச்சிக்குள் இன்னொன்றைச் செருகி நீளமாக்கி, எட்டாத பழத்தை இழுத்துக்கொண்ட கதை உளவியல் பாடநூல்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. 1915இல் கோலர் வெளியிட்ட பார்வை ஆய்வுகளைப் பேசுவோர்தான் குறைவு. உண்மையில் அடிப்படையான கேள்வி அங்கேதான் இருக்கிறது: ஒரு பொருளை அந்த விலங்கு எப்படிப் பார்க்கிறது?

இரண்டு பெட்டிகளில் பெரியதைத் தேர்ந்தெடுத்தால் பழம் கிடைக்கும் என்று சிம்பன்சிகளைப் பழக்கினார். பிறகு பெரிய பெட்டியைத் தள்ளித் தள்ளி வைத்தார். தொலைவு கூடக் கூடக் கண்ணின் விழித்திரையில் விழும் அதன் பிம்பம் சுருங்கி, அருகிலிருக்கும் சின்னப் பெட்டியின் பிம்பத்தைவிடவும் சிறிதாகிவிடும். அப்போதும் சிம்பன்சிகள் பெரிய பெட்டியையே தேடிப்போயின.

தூரத்தில் தெரிவதன் உண்மையான அளவை மனம் தன்னையறியாமல் கணக்குப் போட்டு ஊகிக்கிறது என்று ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொல்லியிருந்தார். சிம்பன்சியும் இதைச் செய்கிறது என்றால், மனிதனுக்கே உரிய சிந்தனை இதற்குத் தேவையில்லை என்றாகிறது.

அதே 1913இல் மாஸ்கோவில் நதேஷ்தா லதீகினா-கோட்ஸ், ஜோனி என்ற குட்டிச் சிம்பன்சியை வீட்டில் வளர்க்கத் தொடங்கினார். அவர் ஒரு பொருளைக் காட்டுவார். அதைப் போன்ற இன்னொன்றை ஜோனி குவியலிலிருந்து எடுத்துக் கொடுக்கவேண்டும். நிறம், வடிவம், அளவு என ஒவ்வொன்றாகச் சோதித்தார். பேச்சில்லாத உயிரிடம் கேள்வி கேட்க இத்தனை எளிய வழி! இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இந்த முறை புழங்குகிறது. ஜோனி 1916இல் இறந்தது. அதனிடம் கற்றவை 1923இல் நூலாக வந்தன.

ஃபுளோரிடாவின் ஆரஞ்சு பார்க்கில் உளவியலாளர் ஆஸ்டின் ரீசன் வேறு வழியில் போனார். ஸ்னார்க், அல்ஃபால்ஃபா என்ற இரு குட்டிகள் பிறந்தது முதல் 16 மாதங்கள் ஏறக்குறைய முழு இருட்டிலேயே வளர்க்கப்பட்டன. வெளியே கொண்டுவந்தபோது வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்கியது. ஆனால் முகத்துக்கு நேரே ஏதாவது பாய்ந்து வந்தாலும் அவை இமைக்கவில்லை. தினமும் பால் குடித்த புட்டியைக்கூட, உடம்பில் படும்வரை அடையாளம் தெரியவில்லை. பார்வை வளர இளமையிலேயே வெளிச்சம் வேண்டும் என்பதை 1947இல் ரீசன் அறிவித்தார்.

முக்கியமான கண்டுபிடிப்புதான். ஆனாலும் இரண்டு குட்டிகளின் கண்களைப் பணயம் வைத்துப் பெற்றது அது. ஒரு பெட்டியையும் பழத்தையும் வைத்தே சிம்பன்சியிடம் எவ்வளவு கேட்டறியலாம் என்று கோலரும் லதீகினா-கோட்ஸும் முன்பே காட்டியிருந்தார்கள். மதிக்கத்தக்க அறிவியல் அவர்களுடையதே.