ஊதா நோய்

பினாங்கின் தொழில் வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். 1969-இல் தீவு வரியில்லாத் துறைமுக உரிமையை இழந்தது, வேலையில்லாத் திண்டாட்டம், முதலமைச்சர் லிம் சோங் யூ பாயான் லெப்பாஸ் வயல்வெளியைத் தொழிற்பேட்டையாக்கினார், 1972-இல் இன்டெல் வந்தது, கூடவே மற்றவையும் வந்தன. வந்து இங்கே என்ன வேலை செய்தன? அதைக் கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

செய்தது பெரும்பாலும் ஒட்டுவேலை. அமெரிக்காவில் தயாரான சிலிக்கான் சில்லில் பொடிப்பொடியாக அலுமினியத் திட்டுகள் இருக்கும். அவற்றில் தங்கக் கம்பியைப் பொருத்தி, மறுமுனையை வெளிக்கால்களோடு இணைக்க வேண்டும். கம்பியின் தடிமன் ஏறக்குறைய 25 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லிசு. நகைக்கடைப் பத்தர் போலப் பொடி வைத்து ஊதினால் சில்லே போய்விடும். அலுமினியத்தின் மேல் ஆக்சைடு தோல் வேறு. 1957-இல் பெல் ஆய்வகத்தார் சொன்ன வழி, சூடும் அழுத்தமும். கம்பி நுனியை உருண்டையாக்கி, சூடான திட்டின் மேல் அழுத்தினால் தங்கம் நசுங்கிப் பரவும், அலுமினியத் தோல் கிழியும், இரண்டும் உருகாமலே பற்றிக்கொள்ளும். 16 கால் சில்லுக்கு 32 ஒட்டு. ஒவ்வொன்றையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கையால் நகர்த்தி வைக்க வேண்டும்.

பற்றிக்கொண்டதும் கதை முடிவதில்லை. சூட்டில் நாளாக ஆக, தங்கமும் அலுமினியமும் ஒன்றுக்குள் ஒன்று ஊர்ந்து புதுச் சேர்மங்களாகும். அதில் ஒன்று அழகான ஊதா நிறம். ஒட்டு விட்டுப்போன இடத்தில் ஊதாவைக் கண்டவர்கள் அதற்கு 'ஊதா நோய்' என்றே பெயர் வைத்தார்கள். பாவம், ஊதா நிரபராதி. அது மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். இரண்டு உலோகமும் ஒரே வேகத்தில் ஊர்வதில்லை என்பதால் இடையில் சின்னச் சின்ன வெற்றிடங்கள் விழும். ஒட்டைக் கொல்வது அவைதான்.

இந்த வேலைக்கு எடுத்தது இளம் பெண்களை. கீழை நாட்டுப் பெண்ணின் கை சின்னது, வேகமானது என்று அரசின் முதலீட்டுக் கையேடே விளம்பரம் செய்தது. கம்பத்திலிருந்து வந்த மலாய்ப் பெண்கள் அதிகம். சீனரும் தமிழரும் இருந்தார்கள். ஊர் அவர்களுக்கு 'மினா காரான்' என்று கேலிப்பெயர் வைத்தது. சில வருஷங்களிலேயே கண் மங்கிப்போனவர்களைப் பற்றி ரேச்சல் க்ராஸ்மன் 1970-களின் இறுதியிலேயே எழுதினார்.

கையின் வேகம் என்று சொல்லிவிட்டால் அறிவுக்குச் சம்பளம் தரவேண்டியதில்லை. என் பெரியம்மா ஐந்து வருஷம் அந்த வேலையில் இருந்தார். "ஒட்டு சரியில்லன்னா உருண்டை நசுங்கின விதத்துலயே தெரியும்டா" என்பார். நான் நாலு வருஷம் படித்துவிட்டு வந்து அதையே இப்போது கேமராவுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

தங்கம் விலை ஏறியதும் தொழில் செம்புக் கம்பிக்கு மாறத் தொடங்கியது. செம்பில் அந்தச் சேர்மங்கள் மெதுவாகத்தான் வளரும். இதைச் சொன்னபோது பெரியம்மா காய் நறுக்குவதை நிறுத்தினார்.

"செம்பா? அது கெட்டியாச்சே. அழுத்தம் கூட வேணுமே, அடியில சில்லு வெடிச்சிடாதா?"

வெடிக்கிறது. எங்கள் பிரிவில் இப்போது அதுதான் தலைவலி.