சிலை பெற்ற கடற்காகம்

பெயரில் கடல் இருக்கிறதே என்று கலிபோர்னியக் கடற்காகத்தைக் கடற்கரையில் மட்டும் தேடினால் பாதிக் கதைதான் கிடைக்கும். குளிர்காலத்தைப் பசிபிக் கரையில் கழித்துவிட்டு, முட்டையிடுவதற்கு உள்நாட்டு ஏரித் தீவுகளை நாடி வரும் பறவை அது.

ஆளை அடையாளம் காண்பது கொஞ்சம் சிரமம். கடற்காகங்கள் பலவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல வெள்ளை உடம்பும் சாம்பல் முதுகுமாக நிற்கும். கண், கால், அலகு மூன்றையும் பார்க்க வேண்டும். இதற்குக் கண் கறுப்பு; கால் பச்சை கலந்த மஞ்சள்; இனப்பெருக்கக் காலத்தில் மஞ்சள் அலகின் நுனியருகே சிவப்பும் கறுப்புமாகப் பொட்டு. இதைவிடப் பெரிய ஹெர்ரிங் கடற்காகத்துக்குக் கால் இளஞ்சிவப்பு. சற்றே சிறிய இன்னொன்றுக்கு அலகில் கறுப்பு வளையம், கண்ணோ வெளுப்பு. குஞ்சுகள் பழுப்பு நிறம். பெரியவர்களின் உடை கிடைக்க ஏறக்குறைய நாலு வருஷம் ஆகும். அதுவரை நம்மை ஏமாற்றும்.

1847-இல் மார்மன் மதத்தினர் அமெரிக்காவில் யூட்டாவின் உப்பு ஏரிப் பக்கம் குடியேறினார்கள். மறு வருஷமே இறக்கையால் பறக்க முடியாத ஒருவகைப் பூச்சிகள் படைபடையாக வந்து பயிரைத் தின்றன. அவ்வூர்ப் பழங்குடிகளுக்கு அந்தப் பூச்சி ஆகாரம், குடியேறியவர்களுக்கோ எமன். ஜூனில் கடற்காகங்கள் வந்து தின்றன, கக்கின, மறுபடி தின்றன. தெய்வமே அனுப்பியது என்றார்கள். செரிக்காத ஓட்டைக் கக்குவது அப்பறவையின் சுபாவம். ஏரித் தீவுகளோ அதன் பிறந்த வீடு. 1970-இல் வில்லியம் ஹார்ட்லி என்ற சரித்திர ஆசிரியர் பழைய நாட்குறிப்புகளைப் புரட்டி, உறைபனியும் வறட்சியும்கூட அந்த வருஷப் பயிரைக் கெடுத்தன என்று காட்டினார். இருந்தாலும் பசித்தவன் நன்றியை நான் பரிகசிக்கமாட்டேன். 1913-இல் சால்ட் லேக் நகரில் பறவைக்கு நினைவுத்தூண் எழும்பியது. 1955-இல் அதுவே மாநிலப் பறவையும் ஆயிற்று.

மனிதன் திருப்பிச் செய்தது வேறு. கலிபோர்னியாவின் மோனோ ஏரியிலும் இவை ஆயிரக்கணக்கில் கூடு கட்டும். அந்த ஏரிக்கு வரும் ஓடைகளை 1941 முதல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் குடிநீருக்குத் திருப்பியது. நீர் வற்றியது, 1979-இல் நெகிட் தீவு கரையோடு ஒட்டிக்கொண்டது. கொயோட் என்னும் காட்டு நாய்கள் நடந்தே போய்க் கூடுகளைச் சூறையாடின. பறவைகள் தீவைக் கைவிட்டன. வழக்கும் வாதமும் நடந்து, 1994-இல் ஏரியின் மட்டத்தை உயர்த்த உத்தரவு பிறந்தது. 2024 முடியவும் அந்த மட்டம் எட்டவில்லை. சிலை நிற்கும் நகருக்கு அருகிலுள்ள பெரிய உப்பு ஏரியோ, 2022-இல் அளவெடுக்கத் தொடங்கிய நாள்முதல் காணாத அளவுக்குத் தாழ்ந்து போயிற்று.