கட்டை மாறினால் விசை ஏன் மாறுகிறது? இஷாப்பூர்த் துப்பாக்கியின் மர வரலாறு

இந்தியக் காவல் நிலையங்களில் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று அழைக்கப்பட்ட லீ-என்ஃபீல்டு துப்பாக்கி, இத்துணைக்கண்டத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் புழங்கியது. பிரித்தானியப் படை 1907இல் ஏற்றுக்கொண்ட அதன் மார்க் 3 வடிவம், இரு உலகப் போர்களையும் காலனியாட்சியின் முடிவையும் கடந்து, விடுதலை பெற்ற இந்தியாவின் காவலர் தோள்களில் தொடர்ந்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாளில்தான் அதற்கு முறைப்படி விடைகொடுத்தது. இவ்வளவு நீண்ட வாழ்நாளில் எஃகு உறுப்புகள் நிலைத்திருக்க, மரக்கட்டைகள் விரிசல் விட்டும் எண்ணெயில் ஊறி மென்மையடைந்தும் மீண்டும் மீண்டும் மாற்றப்பட்டன.

அவ்வாறு கட்டை மாற்றப்பட்ட துப்பாக்கிகளில் ஒரு புதிர் தோன்றுவதுண்டு. குழல் பழைய குழலே. போல்ட் பழைய போல்ட்டே. விசையும் அதன் வில்லும் தொடப்படவில்லை. ஆயினும் நேற்றுவரை குறி தவறாத துப்பாக்கி, புதுக்கட்டை பூட்டியபின் குண்டுகளைச் சிதறவிடும். விசை சீராக இயங்க மறுக்கும். எஃகில் எதுவும் மாறாதபோது பழுது எங்கிருந்து வந்தது? இக்கேள்விக்கான விடை, துப்பாக்கியில் மரம் வகிக்கும் இடத்தைப் பற்றியது. அவ்விடத்தை உணர்ந்து பணியாற்றிய கைவினைஞரைப் பற்றியதும் ஆகும்.

இந்தியாவில் இத்துப்பாக்கியின் தாயகம், வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள இஷாப்பூர். கிழக்கிந்தியக் கம்பெனி 1787இல் அங்கு வெடிமருந்து ஆலையை நிறுவியது; 1791இல் உற்பத்தி தொடங்கிற்று. அதே இடத்தில் 1904இல் துப்பாக்கித் தொழிற்சாலை எழுந்தது. மார்க் 3 வடிவமும், 1916இல் போர்க்காலத் தேவைக்காக எளிமையாக்கப்பட்ட அதன் உட்பிரிவும் அங்கே பெருமளவில் உருவாயின. பிரித்தானியா அடுத்த வடிவத்துக்கு நகர்ந்த பின்னரும் இஷாப்பூர் பழைய வடிவத்தைக் கைவிடவில்லை. 1960களில் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கென அது உருவாக்கிய 2ஏ1 துப்பாக்கியும் மார்க் 3இன் நேர் வழித்தோன்றலே.

இத்துப்பாக்கியின் கட்டை ஒரே துண்டன்று. தோளில் பதியும் பின்கட்டை தனி. குழலுக்கு அடியில் முனைவரை நீளும் முன்கட்டை தனி. இரண்டுக்கும் நடுவே எஃகு உடற்பகுதி நிற்கிறது. தோட்டா வெடிக்கும்போது எழும் பின்னுதைப்பு, உடற்பகுதியின் அடியிலுள்ள இரு தோள்கள் வழியாக முன்கட்டையின் பின்முனையில் செதுக்கப்பட்ட இரு தாங்குமுகங்களில் இறங்குகிறது. அவ்விரு முகங்களும் எஃகோடு ஒருசேரத் தொட்டிருக்க வேண்டும். ஒன்று மட்டும் தொட்டால், ஒவ்வொரு முறை சுடும்போதும் உடற்பகுதி சற்றே ஒருபுறம் திருகும். குறி பக்கவாட்டில் விலகும். இரண்டுமே தொடாவிட்டால் முன்கட்டை முன்னும் பின்னும் அசையும். நாளடைவில் பின்முனையில் பிளவு காணும்.

விசையின் அமைப்பு இதைவிட நுட்பமானது. சுடுவதற்கு ஆயத்தமாக நிற்கும் அடிமுளையைப் பிடித்துவைத்திருக்கும் கொக்கிக்குச் சியர் என்று பெயர். சியர் உடற்பகுதியில் பொருத்தப்பட்டுள்ளது. விசையோ உடற்பகுதியில் இல்லை. அது கீழே உள்ள விசைக்காப்பில் ஆணியால் பிணைக்கப்பட்டுள்ளது. விசைக்காப்பு முன்கட்டையின் அடிப்பகுதியில் பதிந்து, திருகுகளால் மேலே இறுக்கப்படுகிறது. ஆக, ஒன்றையொன்று துல்லியமாகத் தொட்டு இயங்க வேண்டிய இரு எஃகு உறுப்புகளுக்கு நடுவே மரம் நிற்கிறது. அம்மரத்தின் தடிமனே விசைக்கும் சியருக்கும் உள்ள உறவைத் தீர்மானிக்கிறது.

லீ-என்ஃபீல்டின் விசை இரு கட்டங்களாக இழுபடும். முதற்கட்டத்துக்கு 3 முதல் 4 பவுண்டு, இரண்டாம் கட்டத்துக்கு 5 முதல் 6 பவுண்டு என்பது படைத்துறை வரையறை. முதல் இழுப்பில் சியர் பாதுகாப்பான ஆழத்திலிருந்து விளிம்புக்கு வருகிறது. இரண்டாம் இழுப்பில் அடிமுளையை விடுவிக்கிறது. புதுக்கட்டை தடித்திருந்தால் விசைக்காப்பு கீழே தாழ்ந்து, விசை சியரைத் தொடும் இடம் மாறும். கட்டை மெலிந்திருந்தாலோ திருகின் அழுத்தத்தில் நசுங்கியிருந்தாலோ மாற்றம் எதிர்த்திசையில் நிகழும். முதற்கட்டம் மறைந்து ஒரே இழுப்பாகலாம். இரண்டாம் கட்டம் ஆபத்தான அளவுக்கு இலகுவாகலாம். முழுவதும் இழுத்தும் அடிமுளை விடுபடாமலும் போகலாம். எதிரே ஆள் நிற்கும் வேளையில் இவற்றுள் எதுவும் சிறு குறையன்று. விரல் பட்டவுடன் வெடிக்கும் துப்பாக்கி, அதை ஏந்தியவரின் தோழரையே வீழ்த்தக்கூடும்.

இந்நிலையில் அனுபவம் குறைந்தவர் முதலில் நாடுவது அரத்தை. விசை கோளாறு செய்கிறது என்றால் விசையைத்தானே தேய்க்க வேண்டும்? தேர்ந்த ஆர்மரரின் முறை இதற்கு நேர்மாறானது. அவர் எஃகைக் கடைசியாகவே தொடுவார். முதலில் முன்கட்டையைக் கையால் அசைத்துப் பார்ப்பார். பின் விசைக்காப்பின் முன்திருகைக் கவனிப்பார். அத்திருகைச் சூழ்ந்து, மரத்தின் ஊடே ஒரு சிறு உலோகக் குழாய்வளையம் நிற்கும். மரம் மெலிந்திருந்தால், திருகு மரத்தைப் பற்றுமுன்பே வளையத்தில் முட்டி நின்றுவிடும். திருகு இறுகியதாகத் தோன்றும், கட்டையோ தளர்ந்திருக்கும். மரம் தடித்திருந்தால் வளையம் பயனற்றுப்போய், இடைவெளியை மரமே தீர்மானிக்கும். அதன்பின் எஃகுத் தோள்களில் மை அல்லது விளக்குக் கரி பூசி, கட்டையைப் பூட்டிக் கழற்றி, மரத்தில் கறை படிந்த இடங்களைப் பார்ப்பார். கறை உள்ள இடமே தொடும் இடம். மெல்லிய உளியால் ஒரு சீவல், மீண்டும் கரி, மீண்டும் பூட்டல். இரு தாங்குமுகங்களிலும் கறை ஒத்துப் படியும்வரை இது தொடரும். இத்தனைக்கும் பிறகே விசையின் இழுவையை அளப்பது பொருளுடையது.

கழற்றுவதிலும் ஒழுங்கு உண்டு. பின்கட்டையைப் பிணைக்கும் நீண்ட திருகாணியின் முன்முனை சதுரமாக்கப்பட்டு, முன்கட்டையின் பின்புறத்திலுள்ள ஒரு தகட்டில் செருகியிருக்கும். ஆணி தானாகத் தளராதிருக்கச் செய்த ஏற்பாடு அது. முன்கட்டையைக் கழற்றாமல் அவ்வாணியைத் திருகினால், சதுரமுனை தகட்டைத் திருப்பி முன்கட்டையைப் பிளந்துவிடும். பின்கட்டையை மாற்றப்போய் நல்ல முன்கட்டையை இழப்பது இவ்வாறுதான்.

மரம் ஒருமுறை பொருந்திவிட்டால் என்றும் அப்படியே நிற்கும் என்பதும் இல்லை. மரம் ஈரத்தை உண்டு உமிழும். இழையோட்டத்தின் நீளவாக்கில் அது பெரிதாக மாறாது. குறுக்குவாக்கில் பருக்கும், சுருங்கும். விசைக்கும் சியருக்கும் நடுவே நிற்பதோ அக்குறுக்குவாக்குத் தடிமனே. ஹூக்ளிக் கரையின் ஈரக்காற்றில் பொருத்தப்பட்ட கட்டை, ராஜஸ்தானின் வறள்வெயிலில் அதே அளவில் இராது. இமயமலை அடிவாரத்து அக்ரூட் மரம் துப்பாக்கிக் கட்டைக்கு விரும்பப்பட்டதற்கு அதன் உறுதியோடு, இத்தகைய அசைவு குறைவாயிருப்பதும் காரணம். ஆயினும் நன்கு உலர்த்தப்படாத அக்ரூட்டும் அசையவே செய்யும்.

இச்சிக்கலுக்கு மூன்று நாடுகள் மூன்று வகையில் விடை தேடின. ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை 1912 முதல் இதே துப்பாக்கியை உருவாக்கியது. பின்னாளில் அது உள்நாட்டு மரமான கோச்வுட்டைப் பயன்படுத்தியபோது, அம்மரத்தின் மென்மையை ஈடுசெய்யத் தாங்குமுகங்களில் செப்புத் தகடுகளைப் பதித்தது. இஷாப்பூர் முன்கட்டையின் குறுக்கே ஒரு வலுவூட்டும் திருகைச் செலுத்தியது. பிளவைத் தடுக்கும் இத்திருகு, இன்று ஆயுதச் சேகரிப்பாளர்களிடையே இஷாப்பூரின் பெயராலேயே அறியப்படுகிறது. பிரித்தானியா வடிவத்தையே திருத்தியது. அந்நாட்டின் நான்காம் எண் துப்பாக்கியிலும் தொடக்கத்தில் விசை விசைக்காப்பிலேயே இருந்தது. 1949இல் வந்த அதன் மார்க் 2 வடிவத்தில்தான் விசை எஃகு உடற்பகுதிக்கு மாற்றப்பட்டது. விசைக்கும் சியருக்கும் நடுவிலிருந்து மரம் விலக்கப்பட்டது. கட்டை பருத்தாலும் சுருங்கினாலும் விசையின் இழுவை அதனால் பாதிக்கப்படாது.

இம்மூன்று விடைகளையும் பொறியியல் முன்னேற்றத்தின் படிகளாக மட்டும் வாசிப்பது போதாது. அவை உழைப்பைப் பற்றிய மூன்று முடிவுகளும் ஆகும். பிரித்தானியாவின் திருத்தம், பொருத்துநரின் கைத்திறனைத் தேவையற்றதாக்க முயன்றது. இஷாப்பூர் பழைய அமைப்பையே தொடர்ந்ததால், கரி பூசி உளி பிடிக்கும் மிஸ்திரியின் அறிவு இந்தியாவில் மேலும் பல பத்தாண்டுகளுக்கு இன்றியமையாததாக நின்றது.

ஒன்றுக்கொன்று மாற்றத்தக்க உறுப்புகள் என்ற கருத்து, நவீனத் தொழிலியலின் அடித்தளமாகப் போற்றப்படுகிறது. அவ்வரலாற்றில் துப்பாக்கிக் கட்டைக்குத் தனியிடம் உண்டு. அமெரிக்கரான தாமஸ் பிளான்சார்டு, கட்டையைக் கடையும் எந்திரத்துக்கு 1819இல் காப்புரிமை பெற்றார். 1850களில் பிரித்தானிய அரசு அத்தகைய அமெரிக்க எந்திரங்களை என்ஃபீல்டுத் தொழிற்சாலைக்கு வாங்கியது. எந்திரத்தால் கட்டையின் வடிவைக் கடைய முடிந்தது. ஆனால் குறிப்பிட்ட ஒரு கட்டையைக் குறிப்பிட்ட ஓர் உடற்பகுதியோடு இசைவிக்கும் இறுதிப்பணி, எந்திரம் வந்து ஒரு நூற்றாண்டு ஆன பின்னும் கையிடமே இருந்தது. மாற்றத்தக்க உறுப்பு என்பது எஃகைப் பொறுத்தவரை பெருமளவு உண்மை. மரத்தைப் பொறுத்தவரை அது ஒரு விருப்பம் மட்டுமே.

மொழியும் இதை மறைத்தது. ஆங்கிலப் படைத்துறை வழக்கு, துப்பாக்கியின் மர உறுப்புகளை அறைகலனுக்குரிய ‘ஃபர்னிச்சர்’ என்னும் சொல்லாலேயே சுட்டுகிறது. அச்சொல், மரத்தை இயங்கும் பொறிக்கு வெளியே, அதன் மேல் போர்த்திய ஒன்றாகக் காட்டுகிறது. ஆவணங்களும் அதே வழியில் நடக்கின்றன. தொழிற்சாலை முத்திரையும் ஆண்டும் எஃகில் பொறிக்கப்பட்டுள்ளன. அருங்காட்சியகப் பட்டியல்கள் அவற்றையே பதிவு செய்கின்றன. கட்டை மாற்றப்பட்டதா, எந்த மரம், தாங்குமுகம் எத்தனை முறை செதுக்கப்பட்டது என்பன பெரும்பாலும் பதிவாவதில்லை.

ஓய்வு பெற்ற துப்பாக்கிகள் இன்று கிடங்குகளிலிருந்து உருக்காலைகளுக்குச் செல்கின்றன. உருக்குமுன் மரம் கழற்றி வீசப்படுகிறது. முன்கட்டையின் பின்முனையில், தாங்குமுகத்தில் ஒட்டப்பட்ட சிறு மரத்துண்டும் உளித்தடமும் கரிக்கறையும், பெயர் அறியப்படாத ஒரு மிஸ்திரி பழுதின் காரணத்தை எஃகில் தேடாமல் மரத்தில் கண்டார் என்பதற்கு எஞ்சியுள்ள சான்றுகள். தொழில்நுட்ப வரலாற்றை எழுத விழைவோர் அவற்றைப் படித்துப் பதிவுசெய்ய இன்னும் சிறிது காலமே உள்ளது.