எழும்பூர் விடுதிப் பிள்ளைகள்

சென்னை எழும்பூரில் 1789ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இராணுவ ஆண் அனாதை விடுதியில் வளர்ந்த சிறுவர்களில் பலர், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்நாட்டுப் பெண்களுக்கும் பிறந்தவர்கள். தந்தை போரில் மாண்டோ படைப்பிரிவோடு வேறிடம் பெயர்ந்தோ போயிருந்தாலும், தாய் உயிரோடிருந்த பிள்ளைகளும் அவர்களிடையே உண்டு. ஆயினும் அத்தாய்மாரின் பழக்கவழக்கம் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்றும், அவர்களைப் பிரித்து வளர்ப்பதே நலம் என்றும் விடுதியை நடத்தியோர் கருதினர். சட்டைக்காரர் என்று பிற்காலத்தில் தமிழ்நாட்டு மக்களும், ஆங்கிலோ இந்தியர் என்று அரசும் அழைத்த சமூகத்தின் பிள்ளைப் பருவம், சென்னையைப் பொறுத்தவரை, இந்தப் பிரிவிலிருந்தே எழுதப்பட வேண்டியதாகும்.

இக்கலப்பு கம்பெனியின் கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்ந்ததன்று. 1687இல் இலண்டன் இயக்குநர்கள் புனித ஜார்ஜ் கோட்டைக்கு எழுதிய கடிதத்தில், சிப்பாய்கள் இந்நாட்டுப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்குமாறும், பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்விக்கும் நாளில் தாய்க்குச் சிறு தொகை அளிக்குமாறும் அறிவுறுத்தியிருந்தனர். நூறாண்டு கழித்து அதே இயக்குநர் அவை, இந்தியரான தாய்க்கோ தந்தைக்கோ பிறந்த எவரையும் கம்பெனியின் உயர் பணிகளில் அமர்த்தலாகாது என்று 1791இல் விதித்தது. 1795இல் வந்த ஆணையோ, பெற்றோர் இருவரும் ஐரோப்பியராக இல்லாதவர்க்குப் படையில் குழலூதுவோர், முரசறைவோர், குதிரை லாடக்காரர் போன்ற வேலைகளை மட்டுமே விட்டுவைத்தது. பதவி நியமனங்கள் இயக்குநர்களின் கையில் இருந்த செல்வமாகையால், அவற்றைத் தம் உறவினர்க்கே ஒதுக்கிக்கொள்ளும் ஆசை இத்தடைகளுக்குப் பெரிதும் காரணமாயிற்று. தானே விரும்பி உருவாக்கிய ஒரு தலைமுறையை அது வளர்ந்து வாயிலில் வந்து நின்றபோது தள்ளிவிட்டது, கம்பெனி இழைத்த அநீதிகளுள் மிகக் குறைவாகப் பேசப்பட்ட ஒன்று.

எழும்பூர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்த் திண்ணைப் பள்ளியொன்றில் சிறுவர்கள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் விடுதியிலும் புகுத்த முனைந்தார். தாளும் மையும் செலவாகாமல், எழுத்தின் வடிவைக் கண்ணாலும் கையாலும் ஒருங்கே கற்கவைக்கும் அம்முறையை விடுதியின் ஆசிரியர்கள் ஏற்க மறுக்கவே, ஜான் ஃபிரிஸ்கின் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அவர் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். மணலைத் தடவிச் சமன்செய்து, ஓர் எழுத்தை எழுதிக் காட்டி, அதை அழித்துவிட்டு மற்றவர்களை எழுதச்செய்த அச்சிறுவன், பெரியவர்கள் இயலாதென்றதைச் செய்துகாட்டினான். மூத்த மாணவன் இளையோர்க்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறை நம் திண்ணைப் பள்ளிகளுக்குப் புதிதன்று. ஆனால் 1797இல் இலண்டனில் பெல் வெளியிட்ட நூலின் வழியே அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. பெல் 1832இல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அந்த முறையை முதலில் நடத்திக்காட்டிய பிள்ளைகளோ, கம்பெனியின் உயர் பணிகள் எதற்கும் தகுதியற்றவர்களாகவே வளர்ந்து முடித்தனர்.

அவர்களுக்குத் திறந்திருந்த சில வழிகளுள் நில அளவை ஒன்று. மைக்கேல் டாப்பிங் 1794இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளி, அதாவது இன்றைய கிண்டிப் பொறியியற் கல்லூரியின் தொடக்கம், தன் முதல் மாணவர்களை இவ்விடுதியிலிருந்தே தேர்ந்துகொண்டது. குறைந்த சம்பளத்துக்கு வெயிலிலும் காய்ச்சலிலும் உழைக்கக்கூடிய, கணக்கறிந்த இளைஞர்கள் கம்பெனிக்குத் தேவைப்பட்டனர். திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் மைசூர் நாட்டை அளந்த காலின் மெக்கன்சிக்கு இப்பள்ளி உதவியாளர்களைத் தந்தது. 1802 ஏப்ரலில் பரங்கிமலையருகே நூறடி எஃகுச் சங்கிலியால் சுமார் ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்து பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டனுக்கும் உதவியாளர்கள் இங்கிருந்தே கிடைத்தனர். அவர்களுள் ஒருவரான ஜோஷுவா டி பென்னிங், பின்னாளில் கல்கத்தாவில் அளவையின் தலைமைக் கணிப்பாளராக உயர்ந்தார். தம் தாயின் நாட்டை அங்குலம் அங்குலமாக அளந்தவர்களுக்கு, அந்த அளவையைத் தலைமையேற்று நடத்தும் இராணுவ அதிகாரியின் பதவி மட்டும் எட்டாமலே இருந்தது.

1833ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம், பிறப்போ நிறமோ காரணமாக எவரையும் பணியிலிருந்து விலக்கலாகாது என்று எழுத்தளவில் அறிவித்தபோதும், உயர் நியமனங்கள் இலண்டனிலேயே தங்கிவிட்டமையால் நடைமுறை பெரிதும் மாறவில்லை. இதற்கிடையே, கம்பெனிப் படையில் இடமில்லாத காலத்தில் ஐதராபாத் நிஜாமின் படையில் சேர்ந்து கேப்டனாக உயர்ந்த ஜான் டவ்டன் என்ற கலப்பினத்தவர், தம் செல்வத்தில் பெரும்பகுதியைத் தம் சமூகத்துப் பிள்ளைகளின் கல்விக்கென எழுதிவைத்தார். அந்தப் பணத்தைக் கொண்டு 1855இல் சென்னை வேப்பேரியில் டவ்டன் கல்லூரி திறக்கப்பட்டது. சட்டைக்காரப் பிள்ளைகள் ஐரோப்பியரின் தருமத்தால் அல்லாமல், தம் இனத்தவர் ஒருவர் விட்டுச்சென்ற சொத்தால் அங்கே படிக்கத் தொடங்கினர்.