டைரி அட்டையில் ஓவியம் இருக்கிறது, ஓவியரின் பெயர் எங்கே? ஆட்டிசம் உள்ள கலைஞர்களின் உழைப்புக் கணக்கு

கோலார் தங்கவயலின் ஸ்கெலட்டன் பகுதியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, மாரிக்குப்பம் ரயிலில் இடம்பிடித்து, பெங்களூருவில் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைபவராக நீங்கள் இருக்கலாம். இல்லையென்றால் சென்னை ஓ.எம்.ஆரில் அதே மாதிரி இன்னொரு கட்டடம். எங்கே இருந்தாலும், ஏப்ரல் 2 உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளிலோ டிசம்பர் 3 சர்வதேச மாற்றுத்திறனாளிகள் நாளிலோ உங்கள் மேஜைக்கு ஒரு பரிசுப்பொருள் வந்திருக்கும். டைரி, காபி கப், மேஜை காலண்டர், இப்படி ஏதாவது ஒன்று.

எனக்கும் வந்தது. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் கொடுத்த டைரி அது. அட்டையில் ஒரு யானை. உடம்பு முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வேறு நீலம். அசந்துபோனேன். பின்பக்கம் நிறுவனத்தின் லோகோ இருந்தது, அச்சகத்தின் பெயர்கூட இருந்தது. வரைந்தவரைப் பற்றி ஒரே வரிதான்: ஒரு சிறப்புக் குழந்தையின் கைவண்ணம். விசாரித்தால், அந்தக் 'குழந்தை'க்கு வயது 31.

ஆட்டிசமும் பிற குறைபாடுகளும் உள்ளவர்களின் படைப்புத்திறன் பற்றி நாம் வழக்கமாகப் பேசுவது இரண்டே விஷயம். ஒன்று, 'அபார ஞாபகசக்தி'. இன்னொன்று, 'தன்னம்பிக்கைக் கதை'. அந்தப் படைப்பு எப்படி உருவானது, அதற்கு எத்தனை வருஷம் ஆனது, காசு யாருக்குப் போனது என்ற மூன்றையும் யாரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த மூன்றைப் பற்றியது.

ஆட்டிசம் என்றாலே அபூர்வத் திறமையா?

இல்லை. 1988-ல் வந்த 'ரெயின் மேன்' படம் இந்த எண்ணத்தை உலகம் முழுக்கப் பரப்பியது. ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த கிம் பீக்குக்கு ஆட்டிசமே இல்லை என்பதுதான் பின்னாளில் மருத்துவர்கள் வந்து சேர்ந்த முடிவு.

எண்களைப் பார்ப்போம். ஒரு துறையில் மட்டும் அசாதாரணமாக வெளிப்படும் திறனை 'சவான்ட்' திறன் என்பார்கள். 1978-ல் அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லேண்ட், ஆட்டிசம் உள்ள 5,400 குழந்தைகளின் பெற்றோரிடம் திரட்டிய தகவலில் 531 பேருக்கு அப்படி ஒரு திறன் இருப்பதாகத் தெரியவந்தது. அதாவது 9.8 சதவீதம். இன்றைக்கும் 'பத்தில் ஒருவர்' என்று மேடையில் சொல்லப்படும் கணக்கின் மூலம் இதுதான். 2009-ல் பிரிட்டனில் பாட்ரிசியா ஹவ்லின் குழு 137 பேரை ஆராய்ந்தபோது 28.5 சதவீதம் வந்தது. முப்பது வருஷத்தில் திறமை மூன்று மடங்கு ஆகிவிடவில்லை. இரண்டாவது ஆய்வு பெற்றோரின் பேச்சோடு உளவியல் சோதனை முடிவுகளையும் சேர்த்துக்கொண்டது. எதைத் 'திறன்' என்று எண்ணுவது என்ற வரையறை மாறியது. வரையறையை மாற்றினால் சதவீதமும் மாறும். டேட்டா வேலையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான்.

எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் பெரும்பான்மையோர் சவான்ட் இல்லை. அவர்களும் வரைகிறார்கள், பாடுகிறார்கள், நெய்கிறார்கள். மற்றவர்களைப் போலவே சிலர் சுமாராக, சிலர் நன்றாக, மிகச் சிலர் பிரமாதமாக. நம்மில் யாரும் நகரத்தை ஒருமுறை பார்த்து மனப்பாடமாக வரைந்தால்தான் ஓவியர் என்று ஒத்துக்கொள்வோம் என்ற நிபந்தனைக்கு உட்பட்டவர்கள் இல்லையே?

இந்தியாவின் அளவுகோல் என்ன சொல்கிறது?

இந்தியாவில் ஆட்டிசத்துக்குச் சான்றிதழ் வாங்க 'இசா' எனப்படும் மதிப்பீட்டு அளவுகோல் பயன்படுகிறது. அதில் 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 153-ஐத் தாண்டினால் கடுமையான ஆட்டிசம். மதிப்பெண் கூடக் கூடக் குறைபாடு அதிகம்.

இந்த 40-ல் கடைசிக் கூறு எது தெரியுமா? சவான்ட் திறன். 39-வது கூறு, வழக்கத்துக்கு மாறான ஞாபகசக்தி. ஆக, ஒருவர் அபாரமாக வரைந்தால் இந்தத் தாளில் அது குறைபாட்டுக் கணக்கில் ஏறும். நோயறிதல் கருவிக்கு அது தேவையாக இருக்கலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒருவரின் கலைத்திறனை அரசு ஆவணம் குறித்துக்கொள்ளும் ஒரே இடம் அவருடைய குறைபாட்டுப் பட்டியல் என்றால், கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

தலைகளை எண்ணுவதிலும் இதே கதிதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருப்பதாகச் சொன்னது. அதன் எட்டு வகைகளில் ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டம் கிடையாது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் பட்டியலை 21 ஆக விரித்து ஆட்டிசத்தையும் சேர்த்தது.

அப்படியென்றால் ஒரு கலைஞர் எப்படி உருவாகிறார்?

ஜூடித் ஸ்காட்டின் கதையைக் கேளுங்கள். 1943-ல் அமெரிக்காவில் இரட்டையரில் ஒருவராகப் பிறந்தவர். டவுன் சிண்ட்ரோம் இருந்தது. காது கேட்காது என்பதை நெடுங்காலம் யாரும் கண்டுபிடிக்கவேயில்லை. பதில் சொல்லவில்லை, ஆகவே புத்தியில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஏழு வயதில் காப்பகத்தில் விடப்பட்டு 35 வருஷம் அங்கேயே கழித்தார். அங்கே அவர் கையிலிருந்த கிரேயான்களைக்கூடப் பிடுங்கிவிட்டதாகப் பதிவு இருக்கிறது. கடைசியில் இரட்டைச் சகோதரி ஜாய்ஸ் பாதுகாவலராகி வெளியே கொண்டுவந்தார். 1987-ல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் உள்ள கிரியேட்டிவ் குரோத் என்ற கலைக்கூடத்தில் சேர்த்துவிட்டார்.

கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. தூரிகை, பென்சில் எதிலும் ஜூடித்துக்கு ஆர்வம் இல்லை. யாரும் அவரை விரட்டவும் இல்லை. ஒருநாள் நூல் வேலை சொல்லித்தர வந்த ஒரு கலைஞரின் வகுப்பில், ஜூடித் குச்சிகளை எடுத்து நூலால் சுற்றத் தொடங்கினார். அப்புறம் நிறுத்தவில்லை. நாற்காலி, சக்கரம், கையில் கிடைத்த எதையும் நூலால் சுற்றிச் சுற்றி 200-க்கும் மேற்பட்ட சிற்பங்கள். 2005-ல் இறக்கும்வரை அதே வேலை. 2014-ல் நியூயார்க்கின் புரூக்லின் அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது.

இதில் எனக்குப் பிடிபடும் விஷயம் அந்த இரண்டு வருஷம்தான். முடிவு தெரியாமல் ஒருவருக்கு இடமும் பொருளும் நேரமும் கொடுத்துக் காத்திருந்தார்கள். மூன்று மாதத்தில் 'இம்பாக்ட் ரிப்போர்ட்' கேட்கும் எந்த சி.எஸ்.ஆர் திட்டத்திலும் ஜூடித் ஸ்காட் உருவாகியிருக்க மாட்டார்.

2025 டிசம்பரில் பிரிட்டனின் டர்னர் பரிசை வென்ற நெனா காலுவும் இப்படித்தான். ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளவர், மிகக் குறைவாகப் பேசுபவர். துணி, டேப், பிளாஸ்டிக் தாள் எல்லாவற்றையும் முறுக்கிக் கட்டி அந்தரத்தில் தொங்கவிடும் சிற்பங்களும், சுழிசுழியாகச் சுற்றும் பெரிய ஓவியங்களும் அவருடையவை. கற்றல் குறைபாடு உள்ள ஒருவர் இந்தப் பரிசை வாங்குவது அதுவே முதல்முறை. லண்டனின் ஆக்‌ஷன்ஸ்பேஸ் என்ற அமைப்போடு அவர் வேலை செய்யத் தொடங்கியது 1999-ல். கணக்குப் போட்டால் 26 வருஷம்.

நம் ஊரில் முன்னுதாரணம் இல்லையா?

தாராளமாக இருக்கிறது, ஆனால் வேறு வடிவில். கர்நாடக இசைக் கச்சேரி மேடையில் புல்லாங்குழலுக்குத் தனி இடம் வாங்கித் தந்தவர் கும்பகோணம் சரப சாஸ்திரி. 1872-ல் பிறந்து 1904-ல் இறந்தவர், பார்வையற்றவர். நம் காலத்தில் வயலின் மேதை எம்.சந்திரசேகரன், சிறு வயதிலேயே பார்வையை இழந்து, தாயார் சாருபாலா மோகனிடம் வாசிக்கக் கற்று, 2005-ல் சங்கீத கலாநிதி ஆனார். இசை நம் மரபில் காது வழியாக, குருவின் பக்கத்தில் உட்கார்ந்து கற்கும் கலை. பார்வை இல்லாதவருக்கு அந்தக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. கற்றுத்தரும் முறை ஒத்துப்போனால் குறைபாடு பின்னால் போய்விடுகிறது.

துணையோடு படைப்பது என்பதும் நமக்குப் புதிதில்லை. இரட்டைப் புலவர்களை நினைத்துப் பாருங்கள். ஒருவருக்குப் பார்வை இல்லை, இன்னொருவருக்கு நடக்க முடியாது. ஒருவர் தோளில் ஒருவர் ஏறி ஊர் ஊராகப் போனார்கள், வெண்பாவின் பாதியை ஒருவர் பாட மீதியை மற்றவர் முடிப்பார் என்பது செவிவழிக் கதை. அந்தப் பாட்டு யாருடையது என்று யாரும் தகராறு பண்ணவில்லை.

ஓவியத்தில் என்றால் சாந்திநிகேதனின் பினோத் பிஹாரி முகர்ஜி. 1950-களின் பிற்பகுதியில் கண் அறுவைச் சிகிச்சை தோற்றுப் பார்வை முழுவதும் போன பிறகும் காகிதம் வெட்டி ஒட்டினார், பீங்கான் ஓடுகளில் சுவரோவியம் செய்தார். மாணவரான சத்யஜித் ராய் 1972-ல் அவரைப் பற்றி 'தி இன்னர் ஐ' என்ற ஆவணப்படம் எடுத்தார்.

ஆட்டிசம் உள்ளவருக்கு இந்த மாதிரி ஒரு பரம்பரை வழி இன்னும் அமையவில்லை. பெரும்பாலும் அம்மாதான் குரு, உதவியாளர், மேனேஜர் எல்லாமே. துணை எங்கே முடிகிறது, படைப்பாளி எங்கே தொடங்குகிறார் என்ற கேள்வியிலும் கவனம் வேண்டும். பேச்சு வராதவரின் கையைப் பிடித்தோ எழுத்துப் பலகையை அவர்முன் நீட்டியோ வார்த்தைகளை வரவழைக்கும் சில முறைகளை, சொல்வது உண்மையில் யார் என்ற சந்தேகத்தால், அமெரிக்கப் பேச்சு-கேட்பியல் சங்கம் 2018-ல் வேண்டாம் என்று எச்சரித்தது. நூலை அறுத்துக்கொடுப்பது வேறு, கையைப் பிடித்து எழுதுவது வேறு.

சட்டம் யார் பக்கம்?

காகிதத்தில் கலைஞர் பக்கம்தான். 2016 சட்டத்தின் 29-வது பிரிவு, மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் வசதி, ஆதரவு, நிதியுதவி தருவதை அரசின் கடமையாகச் சொல்கிறது. 13-வது பிரிவு, சொத்து வைத்திருக்கவும் தன் பணத்தைத் தானே நிர்வகிக்கவும் அவர்களுக்குள்ள உரிமையைச் சொல்கிறது.

காப்புரிமையில் ஒரு கண்ணி இருக்கிறது. தானாக வரைந்த ஓவியத்தின் காப்புரிமை, வரைந்தவருக்கே. அசலை நீங்கள் காசு கொடுத்து வாங்கினாலும் அதை ஆயிரம் கப்பில் அச்சடிக்கும் உரிமை கூடவே வராது, அதற்குத் தனியாக எழுத்து ஒப்பந்தம் தேவை. ஆனால் 'எங்களுக்கு ஒரு யானை வரைந்து கொடுங்கள்' என்று காசு பேசி வரையச் சொன்னால் கதை மாறும். வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி முதல் உரிமையாளர் வரையச் சொன்னவர்தான். ஒரு பேப்பரில் நாலு வரி எழுதி வைக்காததால் ஒரு குடும்பம் இழப்பது இதைத்தான். ஒன்று மட்டும் யாரும் பறிக்க முடியாதது: உரிமையை விற்றுவிட்டாலும், படைப்பு தன்னுடையது என்று கோரும் உரிமை 57-வது பிரிவின்படி கலைஞரிடமே இருக்கும்.

அப்போ நீங்கள் என்ன கேட்கலாம்?

அடுத்த முறை உங்கள் ஹெச்.ஆர் 'சிறப்புக் குழந்தைகள்' டைரி ஆர்டர் பண்ணும்போது, முதலில் பெயரைக் கேளுங்கள். கலைஞரோ குடும்பமோ பெயர் வேண்டாம் என்று சொல்லலாம், அது அவர்கள் விருப்பம். கேட்காமலேயே விட்டுவிடுவதுதான் தப்பு. அப்புறம் பங்கைக் கேளுங்கள். கிரியேட்டிவ் குரோத்தில் விற்பனைத் தொகையில் பாதி கலைஞருக்கு. வாயாலும் காலாலும் வரையும் ஓவியர்களுக்காக 1956-ல் எரிச் ஸ்டெக்மன் தொடங்கிய சர்வதேச சங்கம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வாழ்த்து அட்டையும் காலண்டரும் விற்று உறுப்பினர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை தருகிறது, ஒருவரால் இனி வரைய முடியாமல் போனாலும் அது நிற்பதில்லை. தானம் வேண்டாம் என்பது அவர்களின் கொள்கை. இந்தியாவிலும் அவர்களுடைய அட்டைகள் விற்பனையாகின்றன.

பணம் யார் கணக்கில் போகிறது என்பதும் முக்கியம். அமைப்பின் கணக்கா, பெற்றோரின் கணக்கா, கலைஞரின் கணக்கா? 18 வயது தாண்டிய, முடிவெடுக்கத் துணை தேவைப்படும் ஒருவருக்கு, 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவிலான குழு பாதுகாவலரை நியமிக்கலாம். பல பெற்றோர் இதை வங்கி மேனேஜர் கேட்கும்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்படுகிறார்கள்.

கடைசியாக, விலையைப் பேரம் பேசாதீர்கள். 'சேவைக்குத்தானே செய்கிறோம்' என்று அசலை ஐந்நூறு ரூபாய்க்கு வாங்குவது சேவை கிடையாது.

தங்கவயல் மாதிரி ஊரில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் இன்னும் ஒரு அடுக்கு கஷ்டம். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடிய பிறகு வேலை மட்டும் இல்லை, எல்லா வசதியும் சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளிப் பெங்களூருவில் என்றாகிவிட்டது. கூட்ட நெரிசலான காலை ரயிலின் சத்தத்தைத் தாங்க முடியாத ஒரு பிள்ளையை, வாரம் ஒருமுறை அந்த ரயிலில் ஏற்றிக் கூட்டிப்போக வேண்டும் என்றால் எத்தனை அம்மாக்களால் 26 வருஷம் முடியும்? அந்த ஊரிலேயே ஒரு பெரிய மேஜை, தாள், வண்ணம், வாரத்தில் நாலு நாள் சம்பளத்துக்கு வந்து உட்காரும் ஓர் ஓவிய ஆசிரியர்: இதற்கு ஆகும் செலவை ஒரு பெரிய நிறுவனத்தின் டைரி பட்ஜெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த பட்ஜெட் உங்கள் ஆபீஸில் யாரிடம் இருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.