காற்றில் பங்கு வாங்கிய தீவு

நவம்பர் 25, 1973. ஞாயிற்றுக்கிழமை. டென்மார்க்கின் நெடுஞ்சாலைகள் வெறிச்சோடிக் கிடந்தன. ஊரடங்கு உத்தரவு ஏதுமில்லை. அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகி மூடிவிட்டன, அவ்வளவுதான். ஞாயிறுகளில் கார் ஓட்டக்கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. கார்கள் பறந்த சாலையில் அன்று குடும்பம் குடும்பமாக சைக்கிள் விட்டுக்கொண்டு போனார்கள்.

பார்க்க வேடிக்கையாக இருந்திருக்கும். ஆனால் விஷயம் தீவிரம். அப்போது டென்மார்க் செலவழித்த எரிசக்தியில் 90 சதவீதத்துக்கு மேல் எண்ணெய். கிட்டத்தட்ட அத்தனையும் வெளியிலிருந்து வாங்கியது. அந்தச் சூடு அவர்களுக்கு மறக்கவே இல்லை. தச்சர்களும் விவசாயிகளும் கொல்லைப்புறத்தில் காற்றாலை செய்து பார்க்க ஆரம்பித்தார்கள். 1985-ல் அணுமின்சாரமே வேண்டாம் என்று நாடாளுமன்றம் முடிவெடுத்தது.

இப்போது 1997-க்கு வாருங்கள். கியோட்டோ ஒப்பந்தம் உருவான அதே வருடம். சுற்றுச்சூழல் மற்றும் எரிசக்தி அமைச்சர் ஸ்வென் அவுகனின் அமைச்சகம் ஒரு போட்டி வைத்தது. பத்தே வருடத்தில் முழுக்க முழுக்கப் புதுப்பிக்கத்தக்க சக்திக்கு மாறக்கூடிய ஒரு தீவு எது?

ஜெயித்தது சாம்சோ. 114 சதுர கிலோமீட்டர். சுமார் 4,300 பேர். உருளைக்கிழங்குக்குப் பேர் போன ஊர். வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் கப்பலில் வந்தது. நிலக்கரியில் தயாரான மின்சாரம் கடலடி கேபிளில் வந்தது.

சரி, பரிசு எவ்வளவு? ஒரு பைசா கிடையாது! வரிச்சலுகைகூட இல்லை. இன்னொரு கூத்து, திட்டத்தை எழுதிக்கொடுத்த பொறியாளர் அந்தத் தீவுக்காரரே இல்லை. ஊர்க்காரர்களில் பலருக்கு இது என்ன சமாசாரம் என்றே புரியவில்லை.

இங்கேதான் சோரன் ஹெர்மன்சன் வருகிறார். விவசாயி மகன். சுற்றுச்சூழல் பாடம் நடத்தும் வாத்தியார். ஊர் இசைக்குழுவில் கிடார் வாசிப்பவர். திட்டத்தின் முதல் ஊழியர் இவர்தான். ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் போய் உட்கார்ந்துவிடுவார். சில சமயம் கையோடு பீர் பாட்டில்கள். (ஊர் வழக்கம் அப்படி!) பூமி வெப்பமாகிறது, துருவப் பனி உருகுகிறது என்றெல்லாம் பேசி அவர்களை அசைக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். பேசியது வேறு கணக்கு. வருஷா வருஷம் எண்ணெய்க்கும் மின்சாரத்துக்கும் தீவை விட்டு வெளியே போகிற காசு, உள்ளேயே சுற்றினால் எப்படி இருக்கும்?

ஊரில் நாலு பேர் சொன்னால் கேட்பார்கள் என்கிற மாதிரி ஆட்களை முதலில் பிடித்தார். அவர்கள் அசைந்ததும் மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள்.

2000-ல் நிலத்தில் 11 காற்றாலைகள். ஒன்றின் விலை சுமார் எட்டரை லட்சம் டாலர். அடுத்து கடலுக்குள் 10. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 லட்சம் டாலர். இத்தனை பணம் எங்கிருந்து வந்தது? சிலவற்றை வசதியான விவசாயிகள் தனியாகவே வாங்கினார்கள். கடலில் ஐந்து, உள்ளாட்சிக்குச் சொந்தம். மற்றவற்றில் சாதாரண ஜனங்கள் பங்கு வாங்கினார்கள். நிலத்துக் காற்றாலைகளில் மட்டும் குறைந்தது 450 பங்குதாரர்கள். அதாவது, தீவில் பத்தில் ஒருவர்! மின்சாரத்துக்கு இத்தனை வருடங்களுக்கு இன்ன விலை என்று அரசு உறுதி கொடுத்திருந்ததால் வங்கிகளும் தைரியமாகக் கடன் கொடுத்தன.

வீட்டுச் சூட்டுக்கு? வைக்கோல். வயலில் மிஞ்சும் வைக்கோலைப் பெரிய கொதிகலன்களில் எரித்து, வெந்நீரைக் குழாய் வழியே வீடு வீடாக அனுப்பினார்கள். எரியும்போது கரியமில வாயு வரத்தான் செய்யும். ஆனால் பயிர் வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான் அது.

பலன்? 2001-ல் எண்ணெய், நிலக்கரிப் பயன்பாடு பாதியாகிவிட்டது. 2003-ல் மின்சாரம் வாங்கிய தீவு, விற்க ஆரம்பித்தது. 2005-ல் தான் செலவழிப்பதைவிட அதிக சக்தியைத் தயாரித்தது. கெடு முடிய இன்னும் இரண்டு வருடம் பாக்கி!

வணிகவியல் படித்தவன் என்பதால் வரவைப் படித்ததும் செலவுப் பக்கத்தைப் புரட்டாமல் இருக்க முடியவில்லை. தீவின் கார்களும் டிராக்டர்களும் படகுகளும் அப்போதும் எண்ணெய் குடித்துக்கொண்டுதான் இருந்தன. அந்தப் புகைக்கு ஈடாகத்தான் கடல் காற்றாலைகளின் மின்சாரத்தை வெளியே அனுப்பினார்கள். பற்று, வரவு நேர் செய்கிற வேலை. புகையே இல்லை என்று அர்த்தமில்லை. 2015-ல் வந்த புதுப் படகுகூட திரவ இயற்கை எரிவாயுவில் ஓடுவதுதான். இளைஞர்கள் தீவை விட்டுப் போவதையும் காற்றாலை தடுத்துவிடவில்லை. ஜனத்தொகை 4,000-க்கும் கீழே இறங்கிவிட்டது.

இருந்தாலும் சாம்சோ ஒன்றை நிரூபித்தது. காற்றாலை சத்தம் போடும், அழகைக் கெடுக்கும் என்று உலகமெங்கும் சண்டை நடக்கிறது. யாரோ முதலாளி வந்து நட்டுவிட்டுப் போகும் காற்றாலை என்றால் சத்தம் காதைக் குடையத்தான் செய்யும். நம் பேரில் நாலு பங்கு இருந்தால்? அது சுற்றாமல் நின்றால்தான் தூக்கம் வராது.

காற்று அந்தத் தீவில் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வீசிக்கொண்டுதான் இருந்தது. 1997-க்குப் பிறகு புதிதாக வந்தது, ஊர்க்காரர்கள் பெயர் எழுதிய ஒரு பங்குப் பதிவேடு. நாளைக்கு உங்கள் ஊரில் யாராவது சூரிய ஒளி, காற்று என்று திட்டத்தோடு வந்தால், எத்தனை மெகாவாட் என்று அப்புறம் கேளுங்கள். பதிவேட்டில் யார் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் கேட்டுவிடுங்கள்.